மயில்துத்தம் போட்ட பசை

இப்போதெல்லாம் நான் செய்த படங்களைப் பார்க்க வருகிறவன் படத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் நிற்கிறான். கையை நீட்டி, போனைத் தூக்கி, பின்னால் படம் தெரிய தன் மூஞ்சியைப் பிடித்துக்கொண்டு கிளம்பிவிடுகிறான். கிளம்பும்போது, "இதுக்கு என்னங்கய்யா அர்த்தம்?" என்று வேறு கேட்கிறான். திரும்பிப் பார்த்திருந்தால் ஏதாவது தெரிந்திருக்கும். கிழிந்த போஸ்டரில் என்ன பெரிய அர்த்தம்? கிழிந்துபோச்சு, அவ்வளவுதான். படித்தவர்கள்தான் இப்படி. படிக்காதவன் முறைத்துப் பார்த்துவிட்டு, "யானைக்கு ஏன்யா மீசை?" என்று கேட்பான். அது கேள்வி.

நான் மதுரையில் போஸ்டர் ஒட்டிப் பிழைத்தவன். பெயர் மொக்கச்சாமி. சினிமா, கட்சி, காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி எல்லாம் என் கை பட்டுத்தான் சுவர் ஏறியது. பள்ளிக்கூடம் பாதியில் போச்சு. எழுத்துக்கூட்டி வாசித்துப் பழகியதே போஸ்டரில்தான். பிறகு ஒட்டுவதற்கு மெஷின் வந்தது. ஒட்டுகிற வேலை போனதும் கிழிக்கிற வேலைக்குப் போனேன். மாநகராட்சிக்காரர்கள் சுவரைச் சுத்தம் செய்ய ஆள் தேடினார்கள்.

சுவரில் போஸ்டர் மேல் போஸ்டராகத் தடித்துக் கிடக்கும். பாளம் பாளமாக உரித்து வருவேன். குப்பையில் போட மனசு வரவில்லை. யாரோ கூரையிலிருந்து கழற்றி எறிந்த தகரத்தில் அதை ஒட்டி, பிளேடால் அங்கங்கே சுரண்டுவேன். அமைச்சர் கும்பிட்ட கைக்குள்ளிருந்து பற்பசைக்காரி சிரிப்பாள். கண்ணீர் அஞ்சலிப் பெரியவருக்குக் கதாநாயகனின் கூலிங்கிளாஸை மாட்டிவிடுவேன். பாவம், உயிரோடு இருந்தபோது போட்டிருக்க மாட்டார். அதன்மேல் ஊதுபத்தி அட்டைச் சாமிகள், சோடா மூடி, தீர்ந்த மாத்திரை அட்டை, உடைந்த போன் கண்ணாடி. கண்ணில் பட்டதையெல்லாம் பதிப்பேன். மைதாவைக் காய்ச்சி மயில்துத்தம் போட்ட பசை. மயில்துத்தம் போட்டால் பூச்சி அரிக்காது, மாடு நக்காது. போஸ்டர் ஒட்டுகிறவன் எவனும் அது இல்லாமல் பசை காய்ச்சமாட்டான்.

ஆனால் நான் உரித்தவை பழைய காலத்துப் போஸ்டர்கள் இல்லை. இப்போது மையிலேயே கண் கலந்து அடிக்கிறார்கள். மிளகாய்ப்பொடித் துகளைவிடச் சின்னக் கண். எவன் நின்று பார்த்தான், எவ்வளவு நேரம் பார்த்தான், சிரித்தானா முறைத்தானா எல்லாம் எடுத்து, பக்கத்தில் போகிறவன் போன் வழியாகவே கம்பெனிக்கு அனுப்பிவிடும். சுவரில் வெயில் படுகிறவரை அதற்கு உயிர். கிழித்தால் செத்துவிடும் என்று கம்பெனிக்காரன் சொன்னான்.

கம்பெனிக்காரன் சொன்னால் நான் நம்புவேனா? அழகுமலையிடம் கேட்டேன்.

அழகுமலை பழைய இரும்புக்காரன். தகரம் கொண்டுவந்து போடுவதும் அவன்தான், நான் செய்த படங்களை வண்டியில் ஏற்றி விற்று வருவதும் அவன்தான். நான் யாரையும் நம்புகிற ஆள் இல்லை. டாக்டரையும் நம்பமாட்டேன், பஸ் கண்டக்டரையும் நம்பமாட்டேன். அவனை நம்பினேன். என் பெண்டாட்டி செத்த அன்றைக்குப் பாடையின் முன்கம்பை அவன் தோளில்தான் வைத்தார்கள்.

போன் ரிப்பேர் கடையில் காட்டிக் கேட்டுவிட்டு வந்து சொன்னான்: "செத்த கண்ணுண்ணே. மீன் கடையில கூடைக்குள்ள கெடக்குமே, அது மாதிரி. முழிச்சிருக்கும், பாக்காது."

அதோடு விட்டேன். கொஞ்ச நாளில் படங்கள் ஓட்டலில் தொங்குகின்றன, ஆஸ்பத்திரியில் தொங்குகின்றன என்று வந்து சொன்னான். "அண்ணே, நீ இப்ப ஆர்ட்டிஸ்ட்டு" என்றான். "கண்ணு மேல மட்டும் வார்னிஷ் அடிக்காதண்ணே. பளபளன்னு இருந்தா பெரிய எடத்துல புடிக்கிறதில்ல." பெரிய இடத்துக்காரன் எதையும் ஒரு தினுசாகத்தான் கேட்பான் என்று அதையும் கேட்டுக்கொண்டேன்.

எனக்கு ஒரே மகள். அங்கயற்கண்ணி. வீட்டில் கயலு. லேத்துப் பட்டறையில் வேலை பார்த்த இன்பசேகர் என்கிற பையனைக் கட்டிக்கொண்டு போனாள். அவன் வேறு ஆட்கள். நான் ஒன்றும் பெரிய சீர்திருத்தவாதி இல்லை. நானும் ரெண்டு நாள் கத்தினேன். மூன்றாம் நாள் சோறு இறங்கவில்லை, கத்தலை நிறுத்திவிட்டேன். அவள் தாய்மாமன்கள் நிறுத்தவில்லை. போஸ் மூத்தவன். அக்கா மகளை எங்கே பார்த்தாலும் விடமாட்டேன் என்று கோயில் வாசலில் நின்று சொன்னான். சும்மா சொல்கிற ஆள் இல்லை அவன்.

கயலு திருப்பூரில் இருந்தாள். பனியன் கம்பெனிக்காரர்கள் வரிசையாகக் குடியிருக்கிற வீடுகளில் ஒன்று. அது எனக்கு மட்டும்தான் தெரியும். அழகுமலையிடம்கூடச் சொல்லவில்லை. நம்பாமல் இல்லை, அவனுக்கு வாயில் எதுவும் நிற்காது.

பேத்தி பிறந்தபோது ஒரு படம் செய்தேன். நான் செய்ததிலேயே அதுதான் ஒழுங்காக வந்தது. ஒரு யானை. உடம்பு முழுக்கப் போஸ்டர்களில் வெட்டிய நடிகைகளின் கண்கள், காதுக்கு முறுக்குப் பாக்கெட், கால் நகத்துக்குச் சோடா மூடி. சாக்கில் சுற்றி நானே பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுபோனேன்.

கயலு பிரித்துப் பார்த்தாள். "என்னப்பா இது, எருமைய இம்புட்டு அலங்காரம் பண்ணியிருக்க?"

"எருமை இல்லடி, யானை."

"யானைக்கு ஏன் மீசை?"

"கவுன்சிலர் மீசை. நல்லா இருந்துச்சு, வீணாப் போக வேணாம்னு வச்சேன்."

அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து சிரித்தாள். அவள் அம்மா சிரிப்பு. இன்பன் ஆணி தேடி வந்து, ஜன்னலுக்கு எதிரே மாட்டினான். அதற்குப் பிறகு நான் போனபோதெல்லாம் பிள்ளை அந்த யானையைப் பார்த்துக்கொண்டுதான் சோறு தின்றது. "ஒவ்வொரு கண்ணுக்கும் ஒரு வாய்ச் சோறுப்பா" என்றாள் கயலு. "இந்தக் கண்ணுக்கு ஒரு வாய், அந்தக் கண்ணுக்கு ஒரு வாய்னு ஊட்டணும். உன்னால எனக்கு இடுப்பு போச்சு."

ஒருநாள் காலையில் தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது. இன்பன்.

"மாமா, நேத்து ராத்திரி போஸ் மாமா வீட்டுக்கு வந்துட்டாரு. கூட ஆளுங்க. லைன்ல இருந்த பொம்பளைங்க எல்லாம் சேந்து சத்தம் போட்டு வாசல்ல மறிச்சுக்கிட்டாங்க. நாங்க பின்பக்கமா வந்துட்டோம்."

"பிள்ளைக்கு ஒண்ணும் இல்லைல?"

"இல்ல மாமா." குரலைத் தாழ்த்திக்கொண்டான். "அந்த வீட்டுக்கு வந்த ஒரே ஆளு நீங்கதான். நீங்க சொல்லியிருக்க மாட்டீங்கன்னு நான் நெனைக்கிறேன். அவ அப்படி நெனைக்கல."

"போனை அவகிட்டக் குடுப்பா."

"வாங்க மாட்டேங்குறா."

"எங்க இருக்கீங்க?"

"அதைக் கேக்காதீங்க மாமா." அவனுக்கே சொல்லக் கஷ்டமாக இருந்தது. "கட்டுன துணியோட வந்திருக்கோம். பிள்ளையத் தூக்குனா, ஆணியில இருந்து அந்த யானையைக் கழட்டுனா. வேற ஒண்ணும் எடுக்கல. அது இல்லாம பிள்ளை திங்காதுல்ல."

பின்னாலிருந்து, "வை போனை" என்று கயலு குரல் கேட்டது. அதுதான் கடைசி. அந்த நம்பர் யாரோ டீக்கடைக்காரனுடையது. திருப்பிக் கூப்பிட்டபோது, அவர்கள் அப்போதே பஸ் ஏறிப் போய்விட்டார்கள் என்றான்.

நேராகப் போஸ் வீட்டுக்குப் போனேன். வாசலில் பைக்கைக் கழுவிக்கொண்டிருந்தான்.

"வாங்க மச்சான்" என்றான். "பேத்தி உங்க சாடையாமே? நான் இன்னும் பாக்கல."

"எவன்டா உனக்குச் சொன்னது?"

"நீங்கதான்."

"டேய்!"

"கத்தாதீங்க, பிரஷர் ஏறிறப் போகுது. நீங்க ஒட்டுன படம் சொல்லுச்சு மச்சான். இந்த மூஞ்சி தெனமும் எங்க முன்னாடிதான் நிக்குதுன்னு சொல்லிருச்சு." துணியைப் பிழிந்தான். "என்னைய முறைச்சு என்ன ஆகப்போகுது? போயி உங்க அழகுமலைகிட்டக் கேளுங்க. வழி காட்டுனதே அவருதான்."

அழகுமலையின் கிடங்கில் அன்றைக்குத் தகரம் இறங்கிக்கொண்டிருந்தது. எனக்காகத்தான். என்னைப் பார்த்ததும், "அண்ணே, டீ சொல்லட்டா?" என்றான். என் மூஞ்சியிலேயே அவனுக்குப் புரிந்துவிட்டது. இறக்குகிற ஆட்களை வெளியே போகச் சொன்னான்.

"அந்தக் கண்ணு செத்ததா, இல்லையா?"

"அண்ணே, உக்காருண்ணே."

"செத்ததாடா?"

"இல்ல." தரையைப் பார்த்துச் சொன்னான். "மொதல்ல செத்துச்சுன்னுதான் நானும் நெனச்சேன். போன வருசம் கம்பெனிக்காரங்க தேடி வந்தாங்க. உன் தகரத்துல ஒட்டுன கண்ணு மட்டும் சாகாம இருக்கு, என்ன பண்றீங்கன்னு கேட்டாங்க. எனக்கென்ன தெரியும்? அதே மாதிரியே செய்யச் சொல்லுங்கன்னாங்க. வார்னிஷ் மட்டும் வேணாம்னாங்க."

"அப்ப அந்த ஓட்டல்? ஆஸ்பத்திரி?"

"அவங்க வாங்கி மாட்டுனதுதாண்ணே."

"படம் புடிச்சுப்போயி வாங்கலையா?"

அந்த நேரத்தில், மகள் எங்கே என்று தெரியாத நேரத்தில், இதையும் கேட்டேன் பாருங்கள். கேட்டேன்தான்.

"ஏன்டா என்கிட்டச் சொல்லல?"

"சொன்னா நீ நிறுத்திருவ."

"போஸுகிட்ட மட்டும் சொன்னியே?"

"சட்டையப் புடிச்சான்ணே! பொண்ணு எங்கன்னு கேட்டான். தெரியாதுன்னேன். சத்தியமாத் தெரியாது. ஆளைக் கெளப்பிவிடணுமேன்னு, கம்பெனியில போட்டோவக் குடு, எந்தப் போஸ்டரையாச்சும் பாத்திருந்தா சொல்லிருவாங்கன்னு சொன்னேன். ரோட்டுல போற பிள்ளை போஸ்டரைப் பாத்தா ஊரு தெரியும், வீடு தெரியாதுல்ல, தேடி அலையட்டும்னு நெனச்சேன். அது வீட்டுக்குள்ளயே உன் படம் தொங்குதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?" தலையைத் தூக்கி என்னைப் பார்த்தான். அவன் குரலும் ஏறியது. "நீதான் என்கிட்ட மறைச்ச. நான்தான் எல்லாருக்கும் சொல்லிருவேன்னு மறைச்ச. அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அந்தப் படத்தைக் குடுக்காதண்ணேன்னு தடுத்திருப்பேன்ல?"

கையை ஓங்கினேன். அடிக்கவில்லை. அவன் சொன்னதில் ஒரு நியாயம் இருக்கிற மாதிரி பட்டது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. துரோகம் செய்தவன் நியாயமும் பேசினால் பிறகு நாம் எதைப் பிடித்துக்கொண்டு நிற்பது?

"கம்பெனி எங்க இருக்கு?" என்றேன். சொன்னான். "நானும் வாரேன்ணே" என்றான். "வந்தா கொன்னுருவேன்" என்றேன். வரவில்லை.

ராத்திரி பஸ்ஸில் வெளியூர் போய் இறங்கினேன். கம்பெனி கண்ணாடிக் கட்டடம். கீழே என் படம் ஒன்று தொங்கியது, அரிவாளோடு நிற்கிற காவல் தெய்வம், கையில் அலைபேசி விளம்பரக்காரியின் வளையல். துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அதைத் தாண்டினேன். உள்ளே விடமாட்டேன் என்றவனிடம், அந்தப் படத்தைச் செய்தவன் நான் என்று சொன்னதும் மேலே கூட்டிப்போனார்கள்.

நித்யகலா என்று ஒரு பெண். என் மகள் வயசுதான் இருக்கும். எழுந்து நின்று கும்பிட்டாள். தண்ணீர் கொடுத்தாள். நான் குடிக்கவில்லை.

"ஐயா, திருப்பூர்ல நடந்தது உங்க படத்து வழியா எங்களுக்கு இன்னைக்குத்தான் தெரிஞ்சுது" என்றாள். "போட்டோ குடுத்துத் தேடினவர், தங்கச்சி காணாமப் போயிடுச்சுன்னு சொல்லியிருக்கார். அழுதிருக்கார். எங்க ஆளுங்க நம்பிட்டாங்க."

"அவன் அழுவான். அவங்க அம்மா செத்ததுக்கே அழாதவன், இதுக்கு அழுவான்."

"மன்னிச்சிடுங்கய்யா."

"மன்னிப்பு கெடக்கட்டும். அந்த யானை இப்பவும் எம்மககிட்டத்தான் இருக்கு. அதை இங்கேருந்தே கொல்லு."

அவள் உதட்டைக் கடித்தாள். "முடியாதுய்யா. சுவர்ல இருக்கிற போஸ்டர்னா வெயில்ல ஓடும், கிழிச்சா நின்னுடும். உங்க படம் உங்க பசையில ஓடுது. நீங்க மயில்துத்தம் போடுறீங்க, அது தாமிரம். அந்தத் தகரத்துல துத்தநாகப் பூச்சு இருக்கு. ரெண்டும் ஈரத்துல ஒட்டிக்கிட்டு இருந்தா பேட்டரி மாதிரி. சொட்டுச் சொட்டா கரண்டு வரும். அந்தக் கண்ணுக்கு அந்தச் சொட்டே போதும்."

"பூச்சி அரிக்கக் கூடாதுன்னு போட்டது."

"தெரியும்யா."

"எப்ப நிக்கும்?"

"பசை முழுசாக் காய்ஞ்சா நின்னுடும். எப்பன்னு சொல்ல முடியல. ரொம்ப நல்லா ஒட்டியிருக்கீங்க."

அதை அவள் பாராட்டாகச் சொன்னாளா என்று தெரியவில்லை.

தண்ணீரில் ஊறப்போட்டால் பசை விட்டுவிடும், அது எனக்கே தெரியும். ஒரு வாளித் தண்ணீர் போதும். அந்த ஒரு வாளியைக் கயலு எடுக்க வேண்டும். எடு என்று சொல்ல அவள் எங்கே இருக்கிறாள் என்று எனக்குத் தெரிய வேண்டும்.

"பயப்படாதீங்க" என்றாள் அந்தப் பெண். "அந்தப் படத்தை நாங்க பூட்டிட்டோம். இனிமே அது பாக்கிறதை யாருக்கும் குடுக்க மாட்டோம். நீங்களே பாருங்க." மேசையில் இருந்த திரையை என் பக்கம் திருப்பினாள்.

கறுப்பு. ஒன்றுமே இல்லை.

"அணைச்சு வச்சுட்டுக் காட்டுறியா?"

"இல்லைங்கய்யா. ஓடிட்டு இருக்கு. கொஞ்சம் உத்துப் பாருங்க, ஓரத்துல நூல் நூலாத் தெரியுது பாருங்க. சேலை மாதிரி. யாரோ நல்லாப் பொதிஞ்சு வச்சிருக்காங்க. அதனால அது யாரையும் பாக்கல."

கண்ணைச் சுருக்கிப் பார்த்தேன். நூல் மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது.

பொதிந்து வைத்திருக்கிறாள். படம்தான் காட்டிக்கொடுத்தது என்று தெரிந்திருந்தால் உடைத்து எறிந்திருப்பாள். நான்தான் காட்டிக்கொடுத்தேன் என்று நினைத்திருந்தாலும் எறிந்திருப்பாள். அவள் கோபம் எனக்குத் தெரியும். எறியவும் இல்லை, மாட்டவும் இல்லை. பிள்ளை இப்போது எதைப் பார்த்துச் சோறு தின்னும்?

"எந்த ஊர்னு எங்களுக்குத் தெரியும்யா" என்று மெதுவாகச் சொன்னாள். "உங்களுக்குச் சொல்லவா? இன்னைக்கே போயிடலாம். நடந்ததை எடுத்துச் சொல்லுங்க. படத்தைத் தண்ணியில போட்டுடுங்க. வேணும்னா நானே கூட வந்து அவங்ககிட்டப் பேசுறேன், உங்க அப்பா மேல தப்பில்லன்னு."

வாய் வரைக்கும் வந்துவிட்டது. சொல்லும்மா என்று ஒரு வார்த்தை. பொழுது சாய்வதற்குள் அவள் வாசலில் நிற்கலாம்.

"பூட்டிட்டேன்னு சொன்னியே" என்றேன்.

"ஆமாங்கய்யா."

"பூட்டுனதை எனக்கு மட்டும் எப்படித் திறக்குற?"

"நீங்க அப்பா இல்லையா..."

"அவன் தாய்மாமன்."

"உங்களைப் பார்த்தா தெரியுதுங்கய்யா" என்றாள்.

"அவனைப் பாத்தப்பவும் உங்க ஆளுங்களுக்குத் தெரிஞ்சிச்சு. அழுதான்னு சொன்னியே."

எழுந்தேன். மேசையைப் பிடித்துக்கொண்டுதான் எழ முடிந்தது. அவள் ஓடிவந்து தோளைத் தாங்கப் பார்த்தாள். வேண்டாம் என்றேன். நல்ல பிள்ளையாகவே இருக்கலாம். அழகுமலையும் நல்லவன்தான்.

"உங்க பொண்ணு உங்களைத் தப்பா நெனச்சுட்டே இருப்பாங்களேய்யா" என்றாள் பின்னாலிருந்து. அவளுக்கு அழுகை வந்துவிட்டது என்று குரலில் தெரிந்தது. "அதுக்காகவாவது கேட்டுக்கங்க."

"நெனச்சுக்கிட்டு இருக்கட்டும். உயிரோட இருந்து நெனச்சா சரி."

"அந்தக் கண்ணு இனிமே யாருக்கும் எதையும் காட்டாது. சத்தியமாச் சொல்றேன், நம்புங்கய்யா."

லிப்டில் ஏறச் சொன்னார்கள். படியிலேயே இறங்கினேன். தெருவில் வெயில் கொளுத்தியது. எதிர்ச் சுவர் முழுக்க அன்றைக்குத்தான் ஒட்டிய போஸ்டர், யாருக்கோ பிறந்தநாள், யானை மேல் உட்கார்ந்து கைகாட்டிக்கொண்டிருந்தான். நான் நிற்கவில்லை. இருட்டை எவன் வேண்டுமானாலும் காட்டலாம். ஒரு பொத்தானை அமுக்கினால் இருட்டு. சேலை என்று சொல்வதற்கு ஒரு வாய் போதும். அவள் பொதிந்துதான் வைத்திருக்கிறாள் என்று ஒரு மனசு சொல்லிக்கொண்டே வந்தது. அந்த மனசையும் நான் நம்பவில்லை. பஸ் ஸ்டாண்டு எந்தப் பக்கம் என்று கேட்டேன். ஒருத்தன் கையைக் காட்டினான். இன்னொருத்தனிடமும் கேட்டுக்கொண்டு நடந்தேன்.